எல்லைக்கல்லும் எழுத்தோவியமும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்யாற்றின்கரை என்னும் ஊர் உள்ளது. அதற்கு அப்பால் பாறசாலை. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. முன்னது கேரளத்தைச் சேர்ந்தது; பின்னது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரைக்கும், நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் திருப்புறம் என்னும் சிற்றூர் இருக்கின்றது. தென்னையும் வாழையும் செழித்த இவ்வட்டாரத்து ஊர்களில் தமிழ் எங்கே முடிகின்றது, மலையாளம் எங்கே தொடங்குகின்றது என்று கோடு கிழித்துச் சொல்லுதல் எளிதன்று. ஆயினும், வரலாறு ஒரு நாள் அங்கே கோடு கிழித்துத்தான் விட்டது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியிலிருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அந்த இணைப்பை வேண்டி எழுந்த கிளர்ச்சியின்போது, 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஆகவே, இந்த எல்லை அமைதியாக வந்த எல்லையன்று.

நிலத்தை அளந்து பிரித்தாயிற்று. ஆனால் பாட்டையும் சிற்பத்தையும் ஓவியத்தையும் எழுத்தையும் எந்தக் கோல்கொண்டு அளப்பது? ஒரு கலைஞனின் மரபு அவன் பிறந்த மாநிலத்தோடு முடிந்துவிடுமா? அவன் தாய்மொழி பேசாத ஊரில் வாழ நேர்ந்தால், அம்மரபு அவனை விட்டு நீங்கிவிடுமா? பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்ட நம் போன்றோர்க்கு இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்கள் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எழும் வினாக்கள். இவற்றுக்கு இக்காலக் கலைஞர் சிலர் தம் வாழ்வாலும் தொழிலாலும் விடை தேடியிருக்கின்றனர். அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

முதலில், எல்லைக்கல் நடப்படுவதற்கு முன்னர் அந்நிலத்தில் இருந்தது என்ன என்று நோக்குவோம். விளவங்கோட்டுப் பகுதியிலுள்ள சிதறால் மலை, பழங்காலத்தில் திருச்சாரணத்து மலை என வழங்கிய சமணத் தலமாகும். அங்குப் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களை இன்றும் காணலாம். அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள், 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அதே குகைக்கோயில் பகவதி வழிபாட்டுக்கும் இடமாயிற்று. சோழப் பேரரசு ஓங்கிய பின்னர், பாண்டிய நாட்டில் வட்டெழுத்து மெல்ல மறைந்து, இன்று நாம் எழுதும் தமிழ் எழுத்தின் முன்னோடி வடிவம் அதன் இடத்தைப் பெற்றது. மலைநாட்டிலோ வட்டெழுத்து பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தது. அதிலிருந்து கிளைத்த கோலெழுத்தும் மலையாண்மையும் திருவிதாங்கூரில் ஆவணங்கள் எழுதப் பயன்பட்டன. ஒருவருக்குத் தமிழாகத் தோன்றும் எழுத்து, மற்றொருவருக்குப் பழைய மலையாளமாகத் தோன்றும் நிலை அது.

எழுத்தைப் போலவே இசையும். கணியாகுளத்துப் போரில் மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைப் பாடும் வில்லுப்பாட்டைத் தமிழர் தமிழ்க் கதைப்பாடல் என்பர். கேரளத்து அறிஞர் தெற்கன் பாட்டு என்பர். இருவரும் சொல்வது உண்மையே. நம் காலத்தில் நெய்யாற்றின்கரை தந்த புகழ்மிக்க கலைஞர் பாடகர் வாசுதேவன் ஆவார். 1940இல் பிறந்த அவர், திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் பயின்றார். இராமநாதபுரம் கிருஷ்ணனையும் செம்மங்குடி சீனிவாச ஐயரையும் ஆசான்களாகப் பெற்றார். திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் பல ஆண்டுகள் கலைஞராகப் பணிபுரிந்து, 2000ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்று, 2008இல் மறைந்தார். தம் ஊரின் பெயரையே தம் பெயரின் முன்னே தாங்கிய அவர் கற்றதோ இராமநாதபுரத்தாரிடமும் தஞ்சைத் தரணியில் பிறந்தவரிடமும். காற்றில் செல்லும் இசைக்கு எல்லைச் சாவடி இல்லை என்பது வானொலி கேட்போர் அனைவரும் அறிந்ததே.

இனி ஓவியத்துக்கு வருவோம். திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா, இளமையிலேயே தலைநகரின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். நீர்வண்ண முறையை அங்கே அரண்மனை ஓவியராயிருந்த இராமசாமி நாயுடுவின் வழியாக அறிந்தார். எண்ணெய் வண்ண முறையை, அரச குடும்பத்தாரைத் தீட்ட வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியர் பணி செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். 1873இல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் குலப் பெண்ணைத் தீட்டிய ஓவியத்துக்காக ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். தமிழகத்துக் கைப்பழக்கமும், ஐரோப்பிய உத்தியும், மலையாள வாழ்வும் ஒரே தூரிகையில் கூடின என்பது இங்கு நாம் மனத்திற்கொள்ளத் தக்கது.

1889ஆம் ஆண்டளவில் மைசூர் மன்னருக்காக அவர் தீட்டிய இசைமகளிர் ஓவியத்தில் பல பகுதிகளைச் சேர்ந்த பெண்கள் தத்தம் உடையோடும் அணியோடும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கின்றனர். பாரதம் முழுவதையும் ஒரே சட்டத்துள் காண விழைந்த ஓவியம் அது. 1894இல் மும்பையில் அவர் தொடங்கிய கல்லச்சுக் கூடம், இலக்குமியையும் சரசுவதியையும் ஏழையின் சுவருக்குக் கொண்டு சேர்த்தது. இது பெரும்பணி. ஆயினும், பிற்காலத்தார் ஒரு குறையும் கூறினர். உடையும் அணியும் நம்முடையவை. பார்க்கும் கண்ணோ ஐரோப்பாவிலிருந்து பெற்றது என்பதே அக்குறை. மரபைப் பொருளாக எடுத்துக்கொள்வது போதுமா, அல்லது காணும் முறையிலும் மரபு வேண்டுமா என்ற வினா இங்கே பிறந்தது. அதற்கு விடை தேட இன்னொரு தலைமுறை வேண்டியிருந்தது.

அத்தலைமுறையின் தலைமகனார் கே. சி. எஸ். பணிக்கர். மலையாளம் பேசும் குடும்பத்தில், 1911இல், கோயம்புத்தூரில் பிறந்தவர் அவர். குடும்பப் பொறுப்பின் காரணமாகப் படிப்பை இடையில் நிறுத்தித் தந்தித் துறையில் பணிபுரிந்தார். பிறகு காப்பீட்டு முகவராகவும் இருந்தார். 25 வயதில், 1936இல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கிய அப்பள்ளிக்கு அப்போது தலைவராயிருந்தவர் வங்கச் சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மாணவராய்ச் சேர்ந்த பணிக்கர் விரைவில் ஆசிரியராகி, 1957இல் அதன் முதல்வரானார். அலுவலக மேசையில் கழிந்த ஆண்டுகள் ஒருவனது கலைவாழ்வை முடித்துவிடுவதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. மத்திய அரசு அலுவலகங்களில் உழைக்கும் நம்மவர்க்கு இச்செய்தி சிறிது ஊக்கம் தரக்கூடும்.

பணிக்கரின் தொடக்ககால ஓவியங்கள் மலபாரின் தென்னந்தோப்புகளையும் நீர்வழிகளையும் காட்டும் நீர்வண்ணக் காட்சிகள். 1944இல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். 1954இல் ஐரோப்பா சென்று தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அங்கிருந்த புதுமை ஓவியங்களைக் கண்டு வியந்தார். ஆனால் அவற்றை வாங்கி வந்து இங்கே விற்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. அசந்தாவின் கோட்டையும் வான்கோவின் வண்ணத்தையும் ஒருசேரச் சிந்தித்து, தோட்டம் என்னும் வரிசை ஓவியங்களைத் தீட்டினார். அதுவும் அவர் உள்ளத்தை நிறைவிக்கவில்லை.

1963ஆம் ஆண்டில் அவருக்கு வழி திறந்தது. மாணவன் ஒருவனின் கணக்கு ஏட்டில் இருந்த எண்களும் குறிகளும் கோடுகளும் பொருளை விட்டுப் பிரிந்து வெறும் வடிவங்களாக அவர் கண்ணுக்குத் தோன்றின. ஓர் ஓவியன் தேடும் கோடு இங்கேயே இருக்கின்றதே என்று அவர் உணர்ந்தார். அதுமுதல், சொற்களும் குறியீடுகளும் என்னும் பெயரில், தம் இறுதிக்காலம் வரை ஒரு பெருந்தொடரைத் தீட்டினார். சோதிடரின் சாதகக் கட்டங்கள், கணித வாய்பாடுகள், யந்திரத் தகடுகளின் முக்கோணங்கள், சிறு பறவை, மீன், பாம்பு முதலிய உருவங்கள், அவற்றினூடே நெருக்கமாக எழுதப்பட்ட மலையாள எழுத்துகள் ஆகியவை அக்கித்தான்களில் நிறைந்திருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் பழைய ஏட்டுச்சுவடி ஒன்றை விரித்து வைத்தது போலத் தோன்றும். அருகில் சென்று படிக்க முயன்றால் படிக்க இயலாது. மலையாளம் கற்றவரும் படிக்க இயலாது. எழுத்துப் போன்ற உருவம் உண்டு, சொல் இல்லை, வாக்கியம் இல்லை.

இதைக் கண்டு, இது என்ன விளையாட்டு என்று சினந்தோரும் உண்டு. ஆனால் சிறிது பொறுமையாக நோக்கின், இந்நாட்டில் எழுத்து என்பது செய்தி சொல்லும் கருவியாக மட்டும் வாழ்ந்ததில்லை என்பது விளங்கும். அரிசியில் விரல் பிடித்து எழுதவைக்கும் முதல் எழுத்து, வாசலில் இடும் கோலம், தாயத்துக்குள் சுருட்டி வைக்கும் தகடு, கோயிற்சுவரில் ஓடும் கல்வெட்டு ஆகியவை, படிக்கத் தெரியாத பாமரனுக்கும் மதிப்புக்குரியனவாய் இருந்து வந்துள்ளன. சிதறால் மலையின் வட்டெழுத்தை இன்று படிப்போர் மிகச் சிலர். வணங்கிச் செல்வோர் பலர். அம்மதிப்பைப் பணிக்கர் ஓவியமாக்கினார். இரவிவர்மா விட்டுச் சென்ற வினாவுக்கு, மரபைக் காட்டும் ஓவியத்தினின்று மரபின் கையெழுத்தாகவே அமையும் ஓவியத்துக்கு நகர்ந்து, அவர் விடையளித்தார்.

அவர் செய்த மற்றொரு பணி அதற்குச் சற்றும் குறைந்ததன்று. ஓவியம் கற்று வெளிவரும் இளைஞர், வயிற்றுப்பாட்டின் பொருட்டு விளம்பரப் பலகைக்கும் துணி ஆலைக்கும் சென்று தம் கலையை மறந்துவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். அவர் தலைமையில் கலைஞர்கள் ஒரு கைவினைச் சங்கம் அமைத்தனர். மெழுகு தோய்த்துச் சாயமேற்றும் பாட்டிக் துணி முதலியவற்றைச் செய்து விற்றனர். அவ்வருவாயைக்கொண்டு சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரமாக ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே சோழமண்டலம் கலைக்கிராமம் தோன்றியது. ஒரு வேளை கைவினை, ஒரு வேளை ஓவியம் என்று உழைத்து, தம் உழைப்பால் கட்டிய வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர்.

அங்குக் கூடியோர் யார்? மலையாள நாட்டினின்று வந்த ஹரிதாசன், அக்கித்தம் நாராயணன், விசுவநாதன் முதலியோர், கன்னட நாட்டு வாசுதேவ், தமிழகத்துச் சேனாதிபதி, சென்னையிலேயே பிறந்து, கனவில் தோன்றும் நகரங்களை மையால் தீட்டி, 1973இல் இளமையிலேயே மறைந்த இராமானுஜம், பழங்குடி உருவங்களோடு கல்வெட்டுப் போன்ற எழுத்துகளையும் இணைத்த சுல்தான் அலி, செம்புத் தகட்டை வளைத்துப் பற்றவைத்துக் கோயில் முகப்புச் சிற்பத்தின் நினைவை எழுப்பிய நந்தகோபால். பேசும் மொழி பலவாயினும், தூரிகையின் மொழி அவர்களைப் பிணைத்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்து 10 ஆண்டுகள்கூட நிறையாத காலத்தில், தென்னாட்டு மொழியினர் பலரும் ஒரே மணற்பரப்பில் ஊர் அமைத்தனர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. சென்னையில் பயின்ற காசர்கோட்டுச் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் பின்னர்த் தம் நாடு திரும்பி, 1969இல் மலம்புழையில் யட்சியையும், பிறகு திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் பெருங்கடற்கன்னியையும் வடித்தார். சென்னை தந்த கல்வி கேரளத்தின் கடற்கரையில் கல்லாய்க் கிடக்கின்றது.

இவ்விடத்தில் நாம் ஓர் ஐயத்தை எழுப்பாமல் செல்லுதல் முறையன்று. பணிக்கரின் எழுத்துகளைப் படிக்க முடியாது என்றோம். பிற மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்து இவ்வாறுதானே தோன்றுகின்றது? தாத்தாவின் கடிதத்தைக் கையில் எடுத்து, அதன் சுழியையும் வளைவையும் பார்த்து, அழகாயிருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடும் பிள்ளைகளை நாம் அறிவோம். நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களிலும், வீட்டில் தமிழ் பேசி மலையாளத்தில் மட்டும் எழுதப் பழகிய தலைமுறைகள் உண்டு. ஓவியனுக்கு வாய்த்த விடுதலை, குடும்பத்துக்கு இழப்பாகிவிடாதா? ஒரு மொழியின் கோப்பை மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் தொழிலில் நாள்தோறும் ஈடுபட்டிருக்கும் நமக்கு, பொருளை இழந்த எழுத்து என்றாலே ஓர் அச்சம் எழுவது இயல்பு.

அச்சம் நியாயமானதே. ஆனால் ஒரு வேறுபாட்டை இங்கே நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். பணிக்கர் தம் மொழியைப் படிக்கத் தெரியாமல் அவ்வாறு எழுதவில்லை. நன்கு அறிந்த பின்னரே பொருளை விலக்கி வடிவை எடுத்தார். அறிந்து விலக்குதல் வேறு. அறியாது இழத்தல் வேறு. இதற்கு மறுதலையாக நின்ற ஒரு தமிழ்க் கலைஞரையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். திருச்சி மாவட்டத்தில் 1938இல் பிறந்து, அதே சென்னைப் பள்ளியில் பயின்ற ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களால் புகழ்பெற்றார். அவர் இலக்கியச் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் தூரிகையால் எழுதித் தந்த தமிழ் எழுத்துகள், ஓவியமாகவும் நின்றன, படிக்கவும் பட்டன. கி. இராசநாராயணனின் கரிசற்காட்டு எழுத்துக்கு அவர் கோடுகள் துணைநின்றன. ஓவியன் எழுத்தாளனிடம் சென்றான். எழுத்து வாசகனிடம் அழகோடு சென்றது. 2008இல் அவர் மறைந்த பின்னும் தமிழ் நூல்களின் முகப்பில் அவ்வெழுத்தின் சாயலை நாம் காண்கின்றோம்.

ஊரை விட்டு வெளியேறி வாழ்ந்த கலைஞர் இருவரைப் பற்றியும் நம்மவர் அறிதல் நன்று. ஒருவர் ஏ. இராமச்சந்திரன். திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள ஆற்றிங்கலில் 1935இல் பிறந்து, மலையாள இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, சாந்திநிகேதனில் ஓவியம் பயின்று, தில்லியில் குடியேறி, ஜாமியா மிலியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர் அவர். தில்லியில் வாழ்ந்துகொண்டே கேரளத்துக் கோயிற் சுவரோவியங்களை விரிவாக ஆராய்ந்தார். 1986இல் அவர் முடித்த யயாதி என்னும் ஓவியம் 60 அடி நீளமுடையது. உஷை, நண்பகல், அந்தி என மூன்று பகுதிகளாய் அமைந்தது. கதை பாரதத்தினது, சுவர்போல் விரியும் அமைப்பும் வண்ணமும் கேரளக் கோயிலை நினைவூட்டுவன, பெண்களோ இராசத்தானத்து நாடோடிக் கொல்லர் குலத்தினர். தாம் குடியேறிய வடநாட்டு மக்களைத் தம் தாய்நாட்டுக் கோயிற்சுவரில் வாழவைத்தார் எனலாம். சென்ற ஊரை அந்நியமென்று ஒதுக்கவும் இல்லை. பிறந்த ஊரை மறக்கவும் இல்லை. 2024இல் அவர் மறைந்தார்.

மற்றொருவர் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். இவர் எடுத்துக்கொண்ட பொருள் நெஞ்சை உருக்குவது. ஒல்லாந்தர் காலத்து இலங்கையில் நிலவுடைமையைப் பதிந்து வைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். போரினால் வீடிழந்தோரைச் சந்தித்து, இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி அவர் கேட்டார். முற்றம் எங்கே, கிணறு எங்கே, சாமியறை எங்கே என்று அவர்கள் கோடிட்டுக் காட்டினர். அவ்வரைபடங்களையும், கட்டடக் கலைஞர் முறைப்படி வரைந்த படிகளையும், அவற்றின் மீது எழுந்த தம் ஓவியங்களையும், வீட்டாரின் சொற்களையும் ஒன்றுசேர்த்து, முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்படும் பெயரோடு 2011இல் நூலாக்கினார். 80 வீடுகள் அதனுள் உள்ளன. செங்கல்லும் ஓடும் அழிந்த இடத்தில், நடுங்கும் கையின் கோடு சாட்சியாய் நிற்கின்றது. ஓவியம் கற்காத மக்களின் கோட்டிலிருந்து ஓர் அரிய கலைப்படைப்பு உருவாயிற்று என்பதை நாம் கருதிப் பார்க்க வேண்டும்.

இக்கலைஞர் அனைவரையும் ஒருசேர வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. மரபு என்பது பிறந்த மண்ணில் அசையாமல் கிடக்கும் பொருளாக இவர்களில் எவருக்கும் இருந்ததில்லை. கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி சென்னையில் அதைக் கண்டெடுத்தார். ஆற்றிங்கல்காரர் தில்லியில் கண்டெடுத்தார். வீடிழந்த யாழ்ப்பாணத்தார் ஒரு தாளின் மீது கண்டெடுத்தனர். தொலைவு அவர்கள் மரபைக் கெடுக்கவில்லை. அதைக் கூர்ந்து பார்க்கும் கண்ணைத் தந்தது. ஆனால் அக்கண் தானாக வந்ததன்று. ஒவ்வொருவரும் பல ஆண்டுகள் கற்றனர், கேட்டனர், வரைந்தனர், அழித்து மீண்டும் வரைந்தனர். உழைப்பின்றி எஞ்சும் மரபு விழாநாளில் உடுத்துக் களையும் பட்டாடையாகிவிடும்.

விடுமுறையில் தென்னாடு செல்லும் நம்மவர் கோயில்களைக் கண்டு திரும்புவதோடு வேறு சில இடங்களையும் கண்டு வரலாம். திருவனந்தபுரத்தில் அருங்காட்சியக வளாகத்தினுள் இரவிவர்மாவின் ஓவியங்கள் உள்ளன; அவ்வளாகத்திலேயே 1979இல் அமைந்த பணிக்கரின் ஓவியக்கூடமும் இருக்கின்றது. எல்லையைக் கடந்து தெற்கே வந்தால், தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் நின்றுகொண்டு, கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அம்மரமாளிகையின் மேல்மாடத்தில் பழைய சுவரோவியங்கள் உள்ளன. சென்னையில் ஈஞ்சம்பாக்கத்துக் கலைக்கிராமம் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கின்றது.

பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பணிக்கரின் ஓவியத்தின் முன் அவர்களை நிறுத்தி, இவை என்ன எழுத்துகள் என்று அவர்கள் கேட்கும்வரை காத்திருங்கள். அவ்வினா பிறந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி வீடு திரும்பிய பின் நாம் செய்ய வேண்டியது. ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்து, அகரத்தின் சுழியைப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதவைத்து, அடுத்து அதன் ஒலியையும், அதற்கடுத்து அதன் பொருளையும் சொல்லித்தர வேண்டும். ஓவியன் பொருளிலிருந்து வடிவத்துக்குச் சென்றான். நம் பிள்ளைகளை வடிவத்திலிருந்து பொருளுக்கு அழைத்து வருதல் நம் கடன்.